இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒருவர் வாய்தவறிச் சொன்ன இரண்டு வரியை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளாகப் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. கை நீளம் போதாமல் போனபோது கண்ணாடிக்கடைக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடி. உள்ளறையில் உயரமான நாற்காலி, எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. பரிசோதிக்கும் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். என் மூக்கின்மேல் கனமான இரும்புச் சட்டம் ஒன்றை ஏற்றி, அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகினார்.

"ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்ல."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு, "சார், ரெண்டும் ஒரே லென்ஸ்," என்றார்.

இது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். எதிரில் இருப்பவர் பார்த்துத்தான் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள நடுவில் ஒருமுறை அதே லென்ஸைக் கழற்றி அதையே திரும்பச் செருகுவார்கள். "ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொன்னால் நம்பலாம். வித்தியாசம் கண்டுபிடித்துச் சொல்பவரை, கண்ணை அளக்கும் மெஷின் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். பிடிபட்டவரிடம் பிடிபட்டதைச் சொல்வதில்லை. "சரி" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அது தொழில் மரியாதை.

எனக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க. இந்த வாரத்துல நீங்க ரெண்டாவது ஆள். அதே வார்த்தை. சந்தேகமே இல்லன்னு."

"முதல் ஆள் யாரு?"

"எங்க வீட்டுக்காரர். அது லென்ஸ் இல்ல, சிந்தசைசர்," என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எழுதுகிறவன் முன்னால் இப்படியொரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு உதட்டைக் கடித்து என்ன பயன்? கண்ணாடி வாங்கிய பிறகு மூக்கில் இறுக்குகிறது என்று ஒருமுறை போனேன். தளர்கிறது என்று ஒருமுறை போனேன். மூன்றாவது முறை என்ன குறை சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே, "உட்காருங்க. உங்களுக்கு என்ன தெரியணும்?" என்றார்.

2

தொடக்கங்கள். குப்பைக்கூடைக்குப் போனவை உட்பட.

(அ) அந்தச் சிறிய அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பதிபோல—

[நிறுத்திவிட்டேன். "ஸ்பீக்கர் ரெண்டும் என்னைப் பார்த்துத்தான் இருக்கும் சார். ஒண்ணையொண்ணு பார்த்தா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் அவர். ஒரே கேள்வியில் உவமையும் போயிற்று, தம்பதியும் போனார்கள்.]

(ஆ) சிந்தசைசர் என்பது மின்சாரத்தைக் கொண்டு ஒலியைப் பிறப்பிக்கும் கருவி. அலையின் வடிவம், அதை வடிகட்டும் அளவு, அது எழுந்து அடங்கும் நேரம் ஆகியவற்றைக் குமிழ்களைத் திருகி—

[இந்த இடத்தில் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் புரட்டுவேன்.]

(இ) அவள் பதினொரு மாதங்களாக இரண்டு சிந்தசைசர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.*

[* நேரில் "மேடம், நீங்க". தாளில் ஏறியதும் "அவள்". கதைக்குள் கால் வைக்கும் எல்லாப் பெண்களுக்கும் நாங்கள் செய்கிற உபசாரம் இது. அவரும் கவனித்தார். "எங்க வீட்டுக்காரர மட்டும் 'அவர்'னு எழுதியிருக்கீங்க," என்றார். கதை அதன் பாட்டுக்குப் போகட்டும்.]

3

அவள் பதினொரு மாதங்களாக இரண்டு சிந்தசைசர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நாளொன்றுக்கு முப்பது பேரை நாற்காலியில் ஏற்றி, ஒன்றா இரண்டா என்று கேட்டு, பத்து நிமிடத்தில் முடிவு சொல்லவைத்துக் கீழே இறக்கி அனுப்புகிறவள். அவளுக்கு இப்படியொரு கதி.

வீட்டில் ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் இஸ்திரி மேசை, மறுபக்கம் அவள் மேசை. அதில் கணினி, கைக்கு அடக்கமான ஒரு மிக்சர், நான் முகம் திருப்பிவைத்து அவமானப்பட்ட அந்த ஸ்பீக்கர்கள், பழைய கீபோர்டு ஒன்று. வேலையிலிருந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரை வரை அங்கே உட்காருவாள். பாட்டும் இல்லை, வரிகளும் இல்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஓடும் இசைத் துண்டுகள். பதினொரு வருடத்தில் நாற்பத்துமூன்று துண்டுகள் ஆரம்பித்திருக்கிறாள். ஒன்பது முடிந்திருக்கின்றன. எதையும் எங்கும் அனுப்பியதில்லை. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அவற்றைக் கேட்டிருக்கிறார். அவர் அடுத்த அறையில் இருந்தார், அதனால் கேட்டார்.

அறைக் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் புழுங்குகிறது என்று காரணம் சொன்னாள். நான் அதை நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

கதவுக்கு அப்பால் சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வர வேண்டும் என்பதைப் பெரிய கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார். அவள் ஒரு துண்டை முடித்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

பதினொரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். ஒருமுறை மட்டும் "இதுவும் நல்லா இருந்துச்சு" என்றாராம். அவள் அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தாளாம். எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாகிவிட்டது, சட்டத்தைச் சரிசெய்யும் சாக்கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

4

இப்போது கருவிகள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கீபோர்டில் நடுவில் ஐந்து கட்டைகள் பேசுவதை நிறுத்திவிட்டன. ஆகவே புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். இது பொழுதுபோகாத ஆசை இல்லை. கடையில் இரண்டு இருந்தன. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் எழுத்தும் எண்ணுமாக நீளுவதால் நான் வேறு பெயர் வைக்கிறேன்.

மறதி: அனலாக். உள்ளே மின்சுற்றே நேரடியாக ஒலியை உண்டாக்குகிறது. முப்பத்தொரு குமிழ். ஒரே நேரத்தில் நான்கு சுரம்தான் பேசும். சேமிக்கிற பொத்தான் கிடையாது. குமிழ்களைத் திருகித் திருகி ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தால் அது அந்த நேரத்துக்குத்தான். யாராவது துடைக்கிறேன் என்று துணியை எடுத்து ஒரு தடவு தடவினால் போயிற்று.

ஞாபகம்: டிஜிட்டல். சின்னத் திரை உண்டு. பதினாறு சுரம் ஒன்றாகப் பேசும். கண்டுபிடித்த சத்தங்களை வைத்துக்கொள்ள ஐந்நூற்றுப் பன்னிரண்டு இடம். பத்து வருடம் கழித்துப் பொத்தானை அழுத்தினாலும் மயிரிழை பிசகாமல் அதே சத்தம் வரும்.

விலை இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதற்கென்று இருக்கும் வீடியோக்களையெல்லாம் அவள் பார்த்து முடித்தாள். அனலாக் கட்சிக்காரர்கள் டிஜிட்டலில் உயிர் இல்லை என்றார்கள். டிஜிட்டல் கட்சிக்காரர்கள் உங்களுக்குக் காதில் மனப்பிராந்தி என்றார்கள். வீடியோவுக்குக் கீழே நானூறு பேர் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பும் சொல்வது அவளுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தொல்லை.

"உண்மையிலேயே எதை வெச்சு முடிவு பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். அன்று கடையில் கூட்டம் இல்லை. சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் வைத்த பெயர்களிலேயே சொன்னார்.

"பக்கத்துல ஒரு ஆள் கேட்டுட்டு இருந்தா மறதி போதும் சார். கேட்டாச்சுல்ல, அப்புறம் போனாப் போகுது. யாருமே கேக்கலன்னா ஞாபகம்தான் வாங்கணும். சேத்து வெச்சா என்னிக்காவது நானே உட்கார்ந்து கேட்டுக்கலாம்."

நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். சிந்தசைசர் வாங்குவதைப் பற்றி வேடிக்கையாக ஒன்று எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன். இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

5

கணவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம்.

கதைக்கு அவர் கொஞ்சம் மோசமானவராக இருந்தால் சௌகரியம். "இந்த டொய்ங் டொய்ங்கை நிறுத்தறியா?" என்று ஒரே ஒரு வசனம் கொடுத்தால் போதும், உங்கள் ஓட்டு மொத்தமும் அவளுக்கு விழுந்துவிடும். எழுதியும் பார்த்தேன். அவர் அதைச் சொல்ல மறுக்கிறார். சாயங்காலம் அவள் உட்காருவதற்கு முன்பே இஸ்திரி மேசையை மடித்து ஓரமாக வைக்கிறவர் அவர். கேபிள் காலில் தட்டாமல் சுவரோரமாக ஆணி அடித்துக் கட்டியதும் அவர்தான். இப்படிப்பட்ட ஆளை வில்லனாக்குவது எப்படி?

நல்லவராக எழுதலாமென்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. அந்த ஐந்து கட்டைகள் பேசாமல் போன பிறகு அவள் மூன்று துண்டுகள் செய்திருக்கிறாள். மூன்றிலும் நடுச் சுரங்கள் ஐந்து கிடையவே கிடையாது. முன்பற்கள் இல்லாமல் ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். அப்போதும் அவர் "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொன்னார்.

இதை அவள் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கேபிள் ஆணியைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள்.

6

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். (இந்தப் பகுதியை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். என் கைவரிசை எதுவும் இல்லை. செருப்புகூட அவள் சொன்னதுதான்.)

கடைக்காரர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பிறந்தவர்போல் இருப்பவர். இரண்டு அடுக்கு ஸ்டாண்டில் மேலே ஞாபகம், கீழே மறதி. அவள் போன கையோடு மறதியின் ஆன் பொத்தானை அழுத்தினாள். கணவருக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

"அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. பார்க்கக் கூடாது, கேட்டாப் போதும்."

"ஏன்?"

"பார்த்தா, லைட்டு அதிகமா எரியறதத்தான் நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க."

அவர் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவள் முதலில் நேர்மையாகவே ஆரம்பித்தாள். தன்னுடைய துண்டு ஒன்றின் முதல் இருபது விநாடி. இதில் ஒருமுறை, அதில் ஒருமுறை.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணச் சொல்லுங்க."

"உனக்கு எது புடிக்குதோ அதை வாங்கும்மா."

ஒரு மனைவிக்கு இதைவிட அன்பான பதில் கிடைக்காது. இதைவிட உதவாத பதிலும் கிடைக்காது. அவளுக்குள் ஏதோ சுள்ளென்றது. நாள் முழுக்க நாற்காலிக்கு எதிரில் நின்று செய்கிற வேலையைக் கை தானாகச் செய்துவிட்டது.

மறதியில் அதே இருபது விநாடியை வாசித்தாள். "இது ஒண்ணு," என்றாள். இடம் மாறி நிற்பதுபோல் செருப்பைத் தரையில் ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடியும் மறதியிலேயே வாசித்தாள். "இது ரெண்டு."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ரெண்டாவதுதான். சந்தேகமே இல்ல."

கடைக்காரர் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"சரி," என்றாள் அவள். வேலையில் சொல்கிற அதே "சரி".

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. வெட்கமாக இருந்தது. பதினொரு வருடமாக ஒரு மனிதரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தியிருக்கிறோமே என்ற வெட்கம். நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஏமாற்றுவதற்காகப் பொய் சொல்வதில்லை, சரியான விடை என்று ஒன்று இருக்கும், அதைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பாடம் அன்றைக்கு அவள் கைக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வருகிற பேருந்தில் அவர், இந்த வண்டி முன்பெல்லாம் நான்கு நிமிடம் தாமதமாக வரும், இப்போது சரியாக வருகிறது பார், என்றார். அவள் பார்த்தாள்.

7

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன்.

ஏன் இரண்டாவது என்று அவள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையிலும் கேட்கவில்லை. எனக்கோ கேள்வியைத் தொங்கவிட்டுக் கதையை முடிக்கப் பொறுமை கிடையாது. ஆகவே அவருடைய பதிலை நானே எழுத உட்கார்ந்தேன்.

பதில் ஒன்று. "உண்மையச் சொல்லட்டுமா? பசிச்சுது. ஒண்ணச் சொன்னா கிளம்பலாம்னு நெனச்சேன்."

[எழுதியதும் சிரித்தேன். படித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. உண்மையாக இருக்க எல்லாத் தகுதியும் இதற்குத்தான் இருக்கிறது.]

பதில் இரண்டு. "மெஷினெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் தடவ நீ அவசரமா வாசிச்ச. ரெண்டாவது தடவ நிதானமா இருந்துச்சு. நான் உன் கையைத்தான் கேட்டேன்."

[இதை எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது. லென்ஸை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே லென்ஸ். விரல் அப்படியில்லையே! அவள் இரண்டு முறை வாசித்ததே இரண்டு வெவ்வேறு வாசிப்பு. இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் போட்டிருப்பீர்கள்.]

பதில் மூன்று. "ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதா? செருப்பு இழுத்தது கேட்டுச்சு, நீ நகரலன்னும் தெரிஞ்சுது. கடைக்காரர் முன்னாடி நீ ரெண்டுன்னு சொல்லிட்ட. நான் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி உன்ன விட்டுக்கொடுக்க முடியுமா?"

பதில் நான்கு. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு

[வரவில்லை.]

நான்காவது வராததால், எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். கள ஆய்வு என்று பெயர் சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பினேன். கடைக்காரருக்கு அந்தத் தம்பதியை நன்றாக நினைவிருந்தது.

"அந்த மேடம் பண்ணினது தப்பு சார். சொல்ல வந்தேன், முறைச்சுட்டாங்க. கீழ இருக்கற மெஷினு ஆன் பண்ணினதும் சரியா நிக்காது. சூடேறப் பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் சுருதி நகர்ந்துக்கிட்டே இருக்கும். அவங்க வந்து ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ரெண்டாவது தடவ நெசமாவே வேற மாதிரிதான் கேட்டிருக்கும்."

"காதுக்குத் தெரியற அளவுக்கா?"

"கூர்ந்து கேக்கறவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது," என்றார். என்னைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

8

எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். பிரதியை வாங்கிக்கொண்டு மேடம் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார், நான் காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாறுதலுக்கு அவர் படித்தார், நான் பதிலுக்குப் பயந்தேன்.

பதில் ஒன்றைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டில் நின்றார்.

"இது அவர் பேச்சு இல்ல சார். இது உங்க பேச்சு. 'உன் கையைக் கேட்டேன்'னெல்லாம் அவர் சொல்ல மாட்டார்."

"மூணு?"

தாளைத் திருப்பினார். கடைக்காரர் சொன்ன இடம் வந்ததும் இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"சூடேறணும்னு எனக்குத் தெரியுமே," என்றார் மெதுவாக. "பதினோரு மாசமா அதைத்தானே படிச்சுட்டு இருந்தேன். எப்படி மறந்தேன்?"

"லென்ஸ் ஞாபகத்துல செஞ்சிருப்பீங்க."

"அப்போ அவர் கேட்டுத்தான் சொல்லியிருக்காரா?"

"இருக்கலாம். அவருக்குப் பசிச்சும் இருக்கலாம். ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

அவர் பிரதியை மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டா சொல்லுவார் சார். நான் கேட்டு ஒருத்தர் சொல்றது எனக்குப் பதிலே இல்ல. அதைத்தான் நாள் முழுக்கக் கேட்டு வாங்கிட்டு இருக்கேன். கேக்காம வரணும்."

பிறகு, எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகையைக் காட்டினார். வெளியே காத்திருக்கும்போதே கதவு வழியாக எட்டிப் பார்த்துக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களாம். ஓட்டுநர் உரிமத்துக்காக வருகிறவர்கள் முக்கியமாக. உட்கார்ந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்களாம். அதற்காகவே அலமாரியில் வேறு பலகை வைத்திருக்கிறார்.

"உங்க கதை அந்தப் பலகை மாதிரி. அவர் கண்ணுல பட்டுதுன்னா, அப்புறம் அவர் என்ன சொன்னாலும் உங்ககிட்ட இருந்து எடுத்ததோன்னு எனக்குத் தோணும்."

"போட வேண்டாங்கிறீங்களா?"

பிரதியை என்னிடம் நீட்டினார். "போடுங்க. எல்லாப் பதிலையும் போடுங்க. எது சரின்னு நீங்க நினைக்கிறீங்கன்னு மட்டும் காட்டிடாதீங்க. எப்படியும் அவர் கதையெல்லாம் படிக்க மாட்டார்."

இரண்டாவது பதிலை எழுதும்போது தொண்டை அடைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அதை அடித்துவிடச் சொன்னார். மறந்துவிட்டேன்.

9

இந்தக் கடைசிப் பகுதியை அவரிடம் காட்டவில்லை.

பத்திரிகை இருபதாம் தேதி வரும். கடைக்காரர் இரண்டு கருவிகளையும் மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அதற்குள் மேடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போதைக்கு ஞாபகத்தின் பக்கம் சாய்ந்திருப்பதாக என்னிடம் சொன்னார். யாருமே கேட்கவில்லையென்றால் எதை வாங்குவார் என்று அவர் சொன்னதை நீங்கள் படித்தீர்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

வாசகர்களே, முடிவை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவது என்னைப் போன்றவர்களின் பழக்கம். உங்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முடிவு உங்களுக்கில்லை.

பேருந்துக்கு நேர அட்டவணை போடுகிற ஐயா, நீங்கள் கதை படிப்பவரல்ல என்று தெரியும். அலுவலகத்தில் யாராவது, "இது உங்க வீட்டுக் கதை மாதிரி இருக்கே" என்று கையில் திணித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் மனைவி அதை உங்களிடம் கேட்கப்போவதில்லை. கேட்காமல் வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு காலமாக என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எழுதிக்கொடுத்த பதில்களைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும் பதிலைத்தான் முக்கியமாகத் தொடக் கூடாது, அது என்னுடையது. அன்றைக்கு உங்களுக்குப் பசித்திருந்தால் அதையும் நீங்களே உங்கள் வார்த்தையில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முப்பதாம் தேதிக்குள் ஒரு நாள், ஏழு மணிக்கு மேல், எழுந்து அந்த அறைக்குள் போங்கள். "நல்லா இருந்துச்சு" வேண்டாம் ஐயா. நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லுங்கள்.